மஞ்சள் துணி

2-8-1971
புதுவாயல் பஸ் தாமதம். எட்டரைக்குத்தான் நெல் கிடங்கைத் திறந்தேன். எலி மூட்டையைக் கடிக்கிறது என்று முதலாளி பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து கோணியில் கட்டிக் கொண்டுவந்த பூனைகள் முப்பதைத் தாண்டிவிட்டன. ஓடிவிடுமாம், ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை அடித்துவிட்டார். உள்ளே ஒரே மூத்திர நாற்றம். நான் கிழிந்த சாக்கு தைக்க வந்தவள். இப்போது இதுகளுக்குச் சோறு வைப்பதும் என் தலையில். கருப்பி மட்டும் மடியில் ஏறிப் படுத்துக்கொள்கிறது. அதைத் திட்ட மனசு வரவில்லை.

5-8
சாம்பல் நிறக் குட்டிக்குக் கண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீழ். ஓயாமல் தும்மல்.

9-8
ஆறு பூனைகளுக்கு வந்துவிட்டது. என்கூடத் தைக்கும் பச்சையம்மா, மஞ்சள் துணியால் துடைக்கச் சொன்னாள். எங்களுக்குக் கண்வலி வந்தால் அம்மாவும் அதைத்தான் செய்வாள். பழைய வேட்டியைக் கிழித்து மஞ்சளில் நனைத்தேன். ஆறையும் துடைத்தேன். மற்றவைக்கும் வராமல் இருக்கட்டுமே என்று ஒவ்வொன்றாகப் பிடித்துத் துடைத்தேன். கருப்பியைக் கடைசியாக.

முரட்டு வெள்ளைக் கடுவன் பூனை மட்டும் சிக்கவில்லை. கையைப் பிறாண்டிவிட்டு மூட்டை உச்சிக்கு ஏறிவிட்டது. எப்படியோ போ என்று விட்டுவிட்டேன்.

12-8
பதினான்கு.

13-8
இன்று கதவைத் திறந்ததும் ஒன்றுகூடக் கத்தவில்லை. கண் ஒட்டிப்போன பூனைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நான் இடப்பக்கம் போனால் எல்லா முகமும் இடப்பக்கம் திரும்புகிறது. சாவிக்கொத்துச் சத்தமாக இருக்கும் என்று அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு, செருப்பையும் கழற்றிவிட்டு நடந்தேன். அப்போதும் திரும்பின. என்னிடம் எதைத் தேடுகின்றன?

பச்சையம்மா வாசலோடு நின்றுவிட்டாள். “கண்ணு மூடிக்கினே பாக்குது சாராளு. நான் உள்ள வரல.”

நான் மட்டும் உள்ளே நின்று ஜெபம் சொல்லிக்கொண்டே துடைத்தேன்.

16-8
கருப்பிக்கும் வந்துடுச்சி. ஐயோ, நான் இன்னா பண்ணுவேன் — தினமும் துடைச்சேனே?

17-8
இரண்டு வேளை துடைத்தேன்.

20-8
கெஞ்சிக் கூத்தாடி, பொன்னேரி மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் மணவாளனை அழைத்துவந்தேன். இத்தனையை ஒரே இடத்தில் அடைத்தால் ஒன்றின் நோய் இன்னொன்றுக்குப் போகாமல் என்ன செய்யும் என்று சத்தம் போட்டார். கருப்பியின் இமையைப் பிரித்துப் பார்த்தார். கருவிழி வெள்ளையாகிவிட்டது. இனி பார்வை திரும்பாது என்றார்.

பிறகுதான் கொடியில் காய்ந்த துணியைக் கவனித்தார். “எத்தினி துணி வச்சிக்கினு கீறம்மா?”

“ஒண்ணுதான் சார். அதாலதான் எல்லாத்துக்கும் தொடைக்கிறேன்.”

அவர் சோப்பு கேட்டு முழங்கைவரை கழுவினார். கழுவிவிட்டுச் சோப்பை என்னிடம் நீட்டினார்.

21-8
துணியை அடுப்பில் போட்டேன். ஒவ்வொண்ணா புடிச்சி, ஜெபம் சொல்லி, நானே நோயக் கொண்டுபோய் வச்சேன். நானே.

2-9
முதலாளியிடம் சண்டை போட்டு வலையைப் பிரிக்க வைத்தேன். ஆனாலும் ஒன்றும் வெளியே போகவில்லை. கம்பவுண்டர் கொடுத்த களிம்பு போட்டதில் பாதிக்குக் கண் திறந்திருக்கிறது. கருப்பிக்கு இல்லை. அது இன்னும் என் மடியைத் தேடி வருகிறது. அதுதான் தாங்கவில்லை.

மத்தியானம் வெள்ளைக் கடுவன் மூட்டை உச்சியிலிருந்து இறங்கி வந்தது. இரண்டு கண்ணும் பளிச்சென்று இருந்தன. இமைக்காமல் என்னையே பார்த்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக என் காலில் உரசிவிட்டு, தடவிக்கொடு என்பதுபோல் முகத்தைத் தூக்கியது.

நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.