மார்ச் மாதப் படம்

சிட்லபாக்கம்
18.11.2024

என் அக்கா பெற்ற பிளஸ்ஸி பாப்பாவுக்கு, மாமா ஜெபத்தோடு எழுதுவது.

குரல்வளையை எடுத்தபின் போனில் பேச வழியில்லை, அதனால் கடிதம். கழுத்து ஓட்டையிலிருந்து சளி காலரில் வழிகிறது. எச்சில் கோந்து மாதிரி. உன் அத்தை வைக்கும் மீன் குழம்பு துருப்பிடித்த ஆணியாக ருசிக்கிறது. என்னைப் பார்த்தால் எனக்கே குமட்டுகிறது.

நோய் எங்கும் பரவவில்லை என்று டாக்டரே சொன்னார். பிறகு முப்பது கதிர்வீச்சு எதற்கு? ஒன்பதோடு நிறுத்திவிட்டேன். புற்றுநோய் ஆராய்ச்சிக்காரி நீயே சொல், சரிதானே?

மாமா

பெங்களூர்
25.11.2024

அன்பு மாமாவுக்குத் தோத்திரம்.

சரியில்லை மாமா. செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் கொக்கிகள் உண்டு. ஒட்டு மூலக்கூறுகள் என்போம். வீக்கம் உள்ள இடத்தில் சைட்டோகைன்கள் என்ற சேதிப் புரதங்கள் பெருகி அந்தக் கொக்கிகளைத் தளர்த்தும். கழன்ற செல் ஊர்ந்து கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போகும். ஒன்றிரண்டு போயிருந்தால்? அந்த முன்னெச்சரிக்கைக்குத்தான் கதிர்வீச்சு. தயவுசெய்து போங்கள்.

எங்கள் லேபின் புதுவருடக் காலண்டர் அனுப்பியிருக்கிறேன், ஹாலில் மாட்டுங்கள். எல்லாம் மைக்ரோஸ்கோப் படங்கள், பூ மாதிரி இருக்கும்.

பிளஸ்ஸி

சிட்லபாக்கம்
2.12.2024

பிளஸ்ஸிக்கு,

மாட்டினேன். மார்ச் பக்கம் அழகுதான், பச்சையும் ஊதாவும். கீழே பொடி எழுத்தில்: "குரல்வளைப் புற்று. ஆண், 64. செப்டம்பர் 9. ஏழு கழுத்து முடிச்சுகளில் பரவியது."

அன்றுதான் என்னை அறுத்தார்கள். என் வயது 64. சதையை உன் லேபுக்குக் கொடுக்கக் கையெழுத்துப் போட்டவனும் நான். முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், இதைக்கூடவா கூட்டிப் பார்க்க மாட்டேன்?

ஏழு. நீ எழுதியது ஒன்றிரண்டு. சீ என்று இருக்கிறது. சளியையாவது துடைத்துவிடலாம்.

மாமா

பெங்களூர்
7.12.2024

மாமா,

"அவருகிட்ட சொல்லிடாத பாப்பா, ஒடிஞ்சி போயிடுவாரு" என்று அத்தை அழுதார்கள். டாக்டர் ஒத்துக்கொண்டார், நானும் ஒத்துக்கொண்டேன். காலண்டர் படங்களை லேபில் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தோம். யாருடையது என்று தெரியாமல் மார்ச் படத்துக்கு நானும் கை தூக்கினேன். அனுப்பும்போது கீழே படிக்கவில்லை.

மன்னியுங்கள். கதிர்வீச்சை மட்டும் விடாதீர்கள். கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா?

பிளஸ்ஸி

சிட்லபாக்கம்
14.12.2024

பிளஸ்ஸிக்கு,

வரும் திங்கட்கிழமையிலிருந்து கதிர்வீச்சுக்குப் போகிறேன். நீ சொன்னதற்காக அல்ல. இடையில் விட்ட நாட்களால் எவ்வளவு கெட்டது என்று டாக்டரிடம் சிலேட்டில் எழுதிக் கேட்டேன். அவர் மீதி இருபத்தொன்றுக்கும் தேதி குறித்தார். உன் அத்தையோடு இன்னும் சிலேட்டில்கூடப் பேசவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வரவேண்டாம். உன் முகத்தைப் பார்த்தால் அந்தப் பச்சை நிறம்தான் கண்ணில் நிற்கும்.

ஏப்ரல் பக்கத்தில் ஒரு பெண். வயது 41, மார்பு. அவளிடமாவது சொல்லிவிட்டார்களா என்று விசாரி.

சுந்தர்சிங்