பின்சுவர் ஸ்பீக்கர்கள்

மார்ச் 12, 1988. சனி

பஷீர் அஹமது பாய் வீட்டில் இன்றும் அதே பேச்சு. "முன்னாடி சத்தம் எல்லார் வூட்லயும்தான் வருது கன்னியப்பா. எனக்குப் பின்னாலருந்து வரணும். துபாய்ல என் மொதலாளி வூட்ல ஹெலிகாப்டர் தலைக்கு மேல போவுது!"

மூன்று மாத லீவில் வந்திருக்கிறார். டிவி, வீடியோ டெக், ஆம்ப்ளிஃபயர், முன்பக்கத்துக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கர் எல்லாம் கொண்டுவந்துவிட்டார். பின்சுவருக்கு மட்டும் இங்கேயே வாங்கி, நான் ஒயர் இழுக்க வேண்டும். வேலை பிடித்திருந்தால், பெருநாள் முடிந்து போகும்போது என்னையும் அவர் கம்பெனிக்கு எலக்ட்ரீஷியனாகக் கூட்டிப்போவாராம். பாஸ்போர்ட் தயாராக இருக்கிறது. இந்த ஒயர் வேலைதான் எனக்குப் பரீட்சை.

அம்மா உப்பளத்திலிருந்து வந்து, வெடித்த குதிகாலை நல்ல தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒருத்தர் தலைக்கு மேல் ஹெலிகாப்டர். ஒருத்தி தலைக்கு மேல் உப்புக்கூடை.

மார்ச் 14, திங்கள்

பாய் ஒரு கேட்லாக் கொடுத்தார். வெள்ளைக்காரன் ஒருவன் சோபாவில் சாய்ந்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் சுவர், சுவரில் இரண்டு ஸ்பீக்கர். அவ்வளவுதான்.

இந்த வீட்டில் அந்தச் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. வாசலுக்கு அந்தப் பக்கம் உள்ளறை. ஆம்பளைகள் ஹாலில் படம் பார்த்தால் பொம்பளைகள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அவள் கூட உப்பு சுமக்கும் பொன்னியும் அங்கேதான். எங்கள் தெருக்கூத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கேயும் அம்மாவுக்குக் கடைசி இடம்தான்.

ஹாலில் படம் ஓட, உள்ளறையில் நின்று கேட்டேன். ஃபேன் சத்தம், ஹாலில் இருப்பவர்கள் பேசும் சத்தம். வேறு ஒன்றும் விளங்கவில்லை. பாயின் மனைவி மைமூன் அக்கா சிரித்தார். "எங்களுக்கு எல்லாமே ஊமைப் படம்தான் தம்பி. யார் அழறான்னு தெரியும். எதுக்கு அழறான்னு மறுநாள் இவர கேட்டுக்கணும். இவரு அதுக்குள்ள கதைய மறந்துடுவாரு."

மார்ச் 17, வியாழன்

பாயோடு மெட்ராஸ், ரிச்சி தெரு. முதல் கடையில் பன்னிரண்டு இஞ்ச் பெட்டி ஒன்றைப் போட்டுக் காட்டினான். நெஞ்சு அதிர்ந்தது. பாய்க்கு அதன் மேல்தான் கண்.

நான் காட்டியது வேறு. நாலு சின்ன ஸ்பீக்கரை வரிசையாக அடுக்கிய ஒல்லிப் பெட்டி. இடி முழக்கம் வராது, பேச்சு தெளிவாக வரும்.

"ஏம்பா, இது பள்ளிவாசல்ல மாட்டுறது. வூட்லயே பாங்கு சொல்லச் சொல்றியா?"

கடைக்காரன் சிரித்தான். "உப்புக் காத்து பாய்," என்றேன். "பேப்பர் கோன் ரெண்டு மழைக்குத் தொங்கிடும். இதுல பிளாஸ்டிக் போட்டிருக்கான்."

பொய் இல்லை. நம் ஊரில் நான் பிரித்த ரேடியோ ஒவ்வொன்றிலும் கம்பி பச்சை பூத்திருக்கும். ஆனால் என் காரணம் அது இல்லையே. உள்ளறைக்கு வசனம் கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் வாங்கியிருப்பாரா? தெரியாது. நான் சொல்லிப் பார்க்கவில்லை.

மார்ச் 19, சனி

வாசலுக்கு மேலே இரண்டு பக்கமும் மாட்டியாயிற்று. கழுத்து போச்சு.

மார்ச் 20, ஞாயிறு

கேட்லாக்கில் போட்டிருந்த துபாய் முறைப்படி ஒயரைக் கோர்த்தேன். இடது, வலது இரண்டிலும் ஒன்றாக வரும் சத்தம் பின்னால் வராது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் வரும். பாய் கொண்டுவந்த துபாய் கேசட்டைப் போட்டோம். ஹெலிகாப்டர் பின்னாலிருந்து வந்தது. பாய் சோபாவிலிருந்து எழுந்தே விட்டார். "ஷாபாஷ்டா!" முதுகில் ஒரு அறை.

அவர் தொழப் போன நேரத்தில், சாயங்காலம் போடப்போகிற தமிழ்ப் படத்தை ஓட்டிப் பார்த்தேன். அதில் எல்லாச் சத்தமும் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் வருகிறது. அப்படியானால் பின்னால் ஒன்றுமே வராது. வரவும் இல்லை.

அப்படியே விட்டிருக்கலாம். பரீட்சை பாஸ், நேரே துபாய்.

ஒயரைப் பிரித்து, முன்னால் கேட்பதே பின்னாலும் கேட்கிற மாதிரி மாற்றிக் கோர்த்தேன். பாயிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் படத்தில் ஒரு ஜோக். ஹால் சிரித்த அதே நொடியில் உள்ளறையும் சிரித்தது. அம்மாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

மார்ச் 27, ஞாயிறு

முடிந்தது.

பாயின் மச்சான் ஜமீல் பாண்டியிலிருந்து வந்திருந்தார். அங்கே ஃபாரின் சாமான் கடை வைத்திருக்கிறார். ஹெலிகாப்டரைப் போட்டுக் காட்டினார் பாய். ஜமீல் எழுந்து பின்சுவர் ஸ்பீக்கருக்குக் கீழே நின்று காதைக் கொடுத்தார். "மச்சான், முன்னாடி வர்றதுதான் இங்கயும் வருது. இது கல்யாண வூட்டு மைக் செட்டு. பையன் உங்களுக்கு நல்லா காது குத்திட்டான்!"

பாய் என்னைப் பார்த்தார். "நான்தான் மாத்தினேன் பாய்," என்றேன். "உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணும் கேக்கல."

"அவங்க உன்ன மாத்தச் சொன்னாங்களா?"

 திரைக்குப் பின்னால் மைமூன் அக்கா இருந்தார், எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? — எப்படிச் சொல்வார்? அவர் என்னை மாற்றச் சொல்லவும் இல்லையே. நானாகச் செய்ததுதானே.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சரின்னிருப்பேன்," என்றார் பாய். கோபமில்லாமல் சொன்னார். அதுதான் வலிக்கிறது. "கேக்காம செய்றவன அங்க வச்சுக்க முடியாதுப்பா. கரண்டு வேல. ஆள் செத்துப்போவான்."

மறுபடி துபாய் முறைக்கே மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் சொன்னதில் தப்பு இருக்கிறதா? தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 20, புதன்

நோன்பு. டிவி மேல் துணி போட்டிருக்கிறார்களாம். அம்மா வெறுமனே சொன்னாள். நான் கேட்கவில்லை.

மே 24, செவ்வாய்

பாய் கிளம்பினார். எனக்குப் பதிலாக எக்கியார்குப்பத்து எலக்ட்ரீஷியன் சகாயராஜ் அவரோடு போகிறான். நல்ல கை. சொன்னதைச் செய்வான். பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், புதுச் செருப்பு போட்டிருந்தான். எனக்கு வயிறு எரிந்தது என்று எழுத வெட்கமில்லை.

நாளையிலிருந்து உப்பளத்தில் மோட்டார் பார்க்கும் வேலை.

ஜூன் 5, ஞாயிறு

மைமூன் அக்கா கூப்பிட்டு அனுப்பினார். ஒயரை மாற்றச் சொல்வார் என்று டெஸ்டரோடு போனேன்.

உள்ளறையில் யாரும் இல்லை. எல்லாரும் ஹாலில் இருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சோபாவில், அம்மாவும் பொன்னியும் டிவிக்கு நேர் எதிரே கோரைப்பாயில். திரையைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். எல்லா வசனமும் தெளிவாகக் கேட்டது. பின்னால் இருப்பவர்களுக்கு எந்த ஸ்பீக்கர் என்று ரிச்சி தெரு வரைக்கும் போனேன். முன்னால் வந்து உட்காரலாமே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அந்த ரெண்டையும் கழட்டிடு தம்பி. வாசல்ல திரையச் சுருட்டிக் கட்ட இடைஞ்சலா இருக்குது."

கழற்றினேன். சுவரில் நாலு துளை. சிமெண்டு குழைத்து அடைத்துவிடவா என்று கேட்டேன். இந்த முறை கேட்டேன்.

"அடைக்காத. அவரு லீவுல வந்தா திரும்ப மாட்டணுமே."

அடைக்கவில்லை. ஒன்றரை வருஷத்தில் வருவார். ஆள் தேட வேண்டியதில்லை, நான் இங்கேதான் இருப்பேன்.