மாலைக் கட்டத்தின் பன்னிரண்டு எண்கள்

என் பிரியமுள்ள அக்கா,

நீ மறைந்து ஒன்பது மாதம் ஆகிறது. மழை விட்டிருக்கிறது, ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிறது. உன் தொட்டிகளில் இரண்டு இன்னும் கிணற்றடியில் இருக்கின்றன. நீ வைத்த செடிகள் அல்ல. அவற்றின் விதையின் விதையில் வந்தவை.

பெங்களூரிலிருந்து உன் மாணவி பேசினாள். செடியில் தொடங்கி நரம்பணுவில் முடிந்த உன் ஆய்வுப் பதிவுகள் அனைத்தையும் வரிசைப்படுத்தி, உன் ஆய்வுக்கூடத்திலேயே வைக்கப் போகிறார்களாம். "மொத நோட்டு உத்திரமேரூர் வீட்லதான் இருக்குன்னு மேடம் சொல்லியிருக்காங்க சார். அதையும் அனுப்பிடுங்க" என்றாள். சரி என்றேன். மூன்று நாளாக அனுப்பவில்லை.

அதன் காரணம் உனக்குத் தெரியாது என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன்.

நீ ஆய்வில் சேர்ந்த முதல் வருடம், தொட்டாற்சுருங்கித் தொட்டிகளை என் பொறுப்பில் விட்டுச் சென்றாய். தொட்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து மடித்த சாக்கின் மேல் விட வேண்டும். மூடிய இலை விரிய எத்தனை நிமிடம் என்று எழுத வேண்டும். காலை, மதியம், மாலை. விழுவதால் தனக்குக் கேடில்லை என்று பழகிவிட்டால் செடி மூடுவதையே நிறுத்திவிடும் என்றாய். "நரம்பே இல்லாதது எதுலடா ஞாபகம் வச்சிக்குது?" என்று என்னையே கேட்டாய். அந்தக் கேள்விதானே உன்னைப் பிற்பாடு நரம்பியலுக்கு இழுத்துச் சென்றது?

மாலையில் அம்மா விடவில்லை. "வெளக்கு வச்ச பொறவு செடியத் தொடாதடா, தூங்கினு கீது" என்றாள். அம்மாவின் பேச்சை மீறவும் முடியவில்லை. கட்டத்தைக் காலியாக விடவும் மனம் வரவில்லை. மதியத்து எண்ணையே மாலைக்கும் எழுதினேன். பன்னிரண்டு நாள்.

இன்று பத்திரப்பதிவு அலுவலகத்தில், ஓர் எழுத்துத் திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்து இல்லையென்றாலும் ஆவணத்தைத் திருப்பி அனுப்புகிறவன் நான். உன் கட்டுரை ஒன்று வெளிவந்ததாக நீ சொல்லும்போதெல்லாம், அதன் அடியில் எங்கோ என் பொய் எண்கள் கிடக்குமோ என்று அஞ்சியிருக்கிறேன். கேட்கத் துணிவில்லை.

நேற்று நோட்டைத் திறந்தேன். மாலைக் கட்டங்கள் அனைத்தின் மீதும் ஒரே கோடு. அடியில் என் எண்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஓரத்தில் உன் பென்சில் எழுத்து: ‘இருட்டும் நேரத்தில் இலை தானே மூடிவிடும். மறுபடி விரிந்திருக்க வழியில்லை. கணக்கில் சேர்க்கவில்லை.’

நோட்டுடன் அம்மாவிடம் போனேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அவ அப்பவே கேட்டாடா, சாயங்காலம் தம்பி செடியத் தொட்டானான்னு. நான் எங்க வுட்டேன்னேன். வுயுந்து வுயுந்து சிரிச்சா."

"என்னை ஏன்மா கேக்கல?"

"அவனையே கேளுடின்னேன். 'வாணாம்மா, தொட்டியில கீறதவிட அவன்தான் பெரிய தொட்டாசிணுங்கி'ன்னுட்டா."

அக்கா, ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்தாய். அந்தக் கிணற்றடியிலேயே காபி டம்ளருடன் உட்கார்ந்து எத்தனையோ பேசினோம். நான் மறைத்துக்கொண்டிருந்தேன், நீ தெரிந்துகொண்டு, தெரியாதவள் போல இருந்தாய். ஒருமுறை கேட்டிருக்கக் கூடாதா? என் முகம் சுருங்கித்தான் இருக்கும். ஆனால் விரிந்துமிருக்கும். எத்தனை நிமிடத்தில் என்று நீ குறித்துக்கொண்டிருக்கலாம்.

திருத்தம் செய்தது நீ, எழுதியவன் நான். ஆகவே உன் கோட்டின் பக்கத்தில், நடந்ததை இரண்டு வரியில் எழுதி, இன்றைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நோட்டு நாளைக் காலைத் தபாலில் போகும்.

அம்மா தொடாதே என்றுதான் சொன்னாள்; பார்க்காதே என்று சொல்லவில்லை. இது எனக்கு அப்போது தோன்றவில்லை. இன்று தொடங்கிப் பன்னிரண்டு மாலைகள் கிணற்றடியில் உட்காருவேன். தொட மாட்டேன். இலை எப்போது மூடுகிறதோ அந்த நேரத்தை மட்டும் எழுதுவேன். என்றாவது பார்க்கத் தவறினால், அன்றைய கட்டம் காலியாகவே இருக்கும்.

நீ கேட்காமல் விட்டதற்குப் பதில் எழுதியிருக்கும்,
உன் தம்பி