பன்னைப் பிளந்தது யார், அக்கா?

அக்கா, இன்று ஜமுனாமரத்தூர் சந்தையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே கல்லில் பன் வாட்டும் வாசனை மூக்கில் ஏறியது. நம் கடையில் நான் இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், எதிரே பொரிக்கடைக்காரன் புது போர்டு மாட்டியிருக்கிறான்: 'சாமை பர்கர் பிறந்த இடம்'. அது பிறந்தது நம் கடையில் அல்லவா, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய்க் கேட்கலாம் என்றால் சாட்சிக்கு ஆள் வேண்டுமே. எனக்கு இருந்த ஒரே சாட்சி நீ. அதுவும் எனக்கு எதிராகவே பேசுகிற சாட்சி. போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று மலையிறங்கினாய், திரும்பி வரவேயில்லை. சண்டையைப் பாதியில் விட்டுப் போகிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது?

ஆரம்பத்தில் நமக்குத் தனித்தனி வியாபாரம். நான் ஒடுகத்தூர் பேக்கரியில் பன் வாங்கிக்கொண்டு சந்தைக்கு வருவேன். நீ பக்கத்தில் சாமையும் மொச்சையும் அரைத்துத் தட்டையாக வடை சுட்டு, மந்தாரை இலையில் புளித்தொக்கோடு வைத்துத் தருவாய். இலைக்கட்டைக் கீழே வைக்காதே என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். நீ கேட்டால்தானே? ஒரு சந்தை நாளில், விற்பனைக்கு வந்த ஆடு ஒன்று இலைக்கட்டு முழுவதையும் தின்று தீர்த்துவிட்டது. செங்கம் பஸ் கிளம்புகிற நேரம். டிரைவர் வடைக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், வடையோ கொதிக்கிறது. அப்போது ஒரு பன்னை எடுத்துப் பிளந்து நீட்டியது நான். நீ வடையை உள்ளே வைத்தாய், அவ்வளவுதான். மறுவாரம் அவர் கண்டக்டரையும் கூட்டிக்கொண்டு வந்து அதையே கேட்டார். இரண்டு கடை ஒரு கடையானது. சண்டையும் அன்றைக்கே ஆரம்பித்தது.

யாராவது, "இத்த யாருக்கா கண்டுபுடிச்சது?" என்று கேட்டு, நான் 'நான்தான்' என்று வாயெடுத்தால் போதும். அடுப்புப் பக்கமிருந்து உன் குரல் வந்துவிடும்: "இன்னா நீ? பன்ன நீட்டுன, அவ்ளோதான். பொளந்தது என் கை." வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

ஒரு மழைநாளில் பைக்கில் வந்து நம் கடையில் ஒதுங்கினாரே ஒருவர், அவர் வேறு உனக்குத் தீனி போட்டுவிட்டுப் போனார். ஹாம்பர்கருக்கும் இதே தகராறுதானாம். பெயர் ஜெர்மனியில் இருக்கிற ஹாம்பர்க் ஊரின் பெயர். ஆனால் அமெரிக்காவில் ஊருக்கு ஒருவர் நாங்கள்தான் முதலில் செய்தோம் என்கிறார்களாம். திருவிழாவில் கறியுருண்டை விற்ற ஒருவர், ஜனங்கள் நடந்துகொண்டே தின்னட்டும் என்று அதை அழுத்தி ரொட்டிக்குள் வைத்தாராம். இல்லை, அவசரமாகக் கேட்ட ஆளுக்கு எங்கள் ஊர்க்காரர்தான் வைத்துக் கொடுத்தார் என்று இன்னோர் ஊர் சொல்கிறதாம். இத்தனை காலமாகியும் தீரவில்லையாம். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வடையைத் திருப்பிப்போட்டபடி சொன்னாய்: "பாத்தியா, கறி வச்சவன் பேரத்தான் சொல்றாங்க. ரொட்டி வித்தவன் பேர எவனாவது சொல்றானா?" அன்றைக்கு நான் உன்னோடு பேசவேயில்லை. பஸ் ஏறும்போது நீ பொட்டலம் கட்டிக்கொடுத்த வடையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

இன்றைய கூத்தைக் கேள். பொரிக்கடைக்காரன் வெளியூர்க்காரர்களைச் சுற்றி நிற்கவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். ஆடு வந்தது, இலையைத் தின்றது, டிரைவர் நின்றார், எல்லாம் அப்படியே நம் கதை. நம் இருவரையும் எடுத்துவிட்டுத் தன்னை வைத்துக்கொண்டான், அவ்வளவுதான். ஆட்டைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை, அக்கா. "நான்தாங்க சட்டுனு பன்னப் பொளந்து வடைய உள்ள வச்சேன்" என்றான். என்னால் பொறுக்க முடியவில்லை. நேரே போய் நடுவில் நின்றேன்.

"யோவ், ஆடு தின்னது எங்க அக்கா இலைய. பன்னப் பொளந்ததும் எங்க அக்கா, வடைய வச்சதும் எங்க அக்கா. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. சந்தையே கேட்டுக்கொண்டிருந்தது. புளி மூட்டையோடு வந்த உன் வீட்டுக்காரரும் அங்கேதான் நின்றார். மூட்டையை இறக்கிவைத்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பொரிக்கடைக்காரன், "நீயே இத்தினி நாளா நான்தான்னு சொல்லிக்கினு இருந்தியே" என்று கேட்டான். இத்தனை வருஷம் நீ மல்லுக்கு நின்றும் என் வாயிலிருந்து வாங்க முடியாததை, செத்துப்போய் வாங்கிவிட்டாய். இப்போது சந்தோஷம்தானே?

ஆனால் ஒன்று தெரிந்துகொள். அன்று பன்னைப் பிளந்தது நான்தான். அதில் மாற்றமே இல்லை.

சாயங்காலம் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு பெண் பர்கரைக் கடித்துக்கொண்டே, யார் கண்டுபிடித்தது என்று கேட்டாள். "நான்தான்" என்றேன். சொல்லிவிட்டுப் பழக்கத்தில் கொஞ்சம் நின்றேன். அடுப்புப் பக்கமிருந்து ஒன்றும் வரவில்லை. அவள் தலையாட்டிவிட்டு, அப்படியே நம்பிக்கொண்டு போகத் திரும்பினாள். எனக்கு அது ஒப்பவில்லை. அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, நீ சொல்லவேண்டியதையும் நானே சொன்னேன்: "இன்னா நீ? பன்ன நீட்டுன, அவ்ளோதான். பொளந்தது என் கை."