கரண்டிப் பெட்டியில் கிடந்த உங்கள் கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரிக்கு அண்ணனும், என் மகளுக்கு முழுநேர மாமாவுமான அன்பு மச்சானுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உங்கள் தங்கைக்கு முட்டுவலி அப்படியேதான். கரமனையில் நம் வாடகைப் பாத்திரக் கடையும் அப்படியேதான். விழிஞ்ஞத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன பெரிய உருளி, காது உடைந்து திரும்பி வந்திருக்கிறது. இதைச் சொல்லவா கடிதம் என்று கேட்காதீர்கள். உங்களுக்குத் தெரியாமல் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை நேரே ஆரம்பிக்க வெட்கமாக இருக்கிறது.

கோமதி எனக்குப் பிறந்த பெண். ஆனால் கழக்கூட்டத்து ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே, "மாமா வந்தாங்களா?" என்றுதான் கேட்பாள். என்னிடம், "சாப்டீங்களாப்பா?" அவ்வளவுதான். நானும் இத்தனை வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அதில் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?

அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் பாயிண்டர், மெமரி என்று கம்ப்யூட்டர் கதையை ஆரம்பிப்பீர்கள். பத்தாம் கிளாசில் கணக்கில் தோற்றவன் நான். நடுவில் உட்கார்ந்து தலையாட்டுவேன், அதுவும் தப்பான இடத்தில். ஒருநாள் அவளுக்கு மெமரியை எப்படி விளக்கினீர்கள், நினைவிருக்கிறதா?

"இந்தா பாரு கோமு, எல்லாம் உங்கப்பா கட மாதிரிதான். எத்தன பேருக்குச் சமையல்னு மொதல்லயே சொல்லி அண்டாவ வாங்கணும். நூறு பேருக்கு வாங்கிட்டு நூத்தம்பது பேருக்கு ஆக்கினா, பொங்கி அடுத்தவன் அடுப்புல வழியும். வேல முடிஞ்சா வாங்கினவனே திருப்பிக் கொண்டாந்து போடணும். எல்லாவனும் போடாம இருந்தான்னு வையி, கடைல ஒரு செம்புகூட மிஞ்சாது."

"சூப்பர் மாமா," என்றாள்.

கடை என்னுடையது. அண்டா என்னுடையது. சூப்பர் மட்டும் உங்களுக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அச்சகத்து கம்ப்யூட்டர் பகுதியில் இருந்த காலத்தில் பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த தமிழெல்லாம், இப்போது போனில் திறந்தால் புள்ளியும் கோடுமாகத் தெரிகிறது. அதை இன்றைய எழுத்தாக மாற்றித்தர சி என்ற கம்ப்யூட்டர் மொழியில், லைப்ரரி என்று நீங்கள் சொல்லும் ஒரு புரோகிராம் எழுதினீர்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி, உங்கள் பெயரோடு அதை இணையத்தில் போட வேண்டும் என்று கோமதிக்கு ஆசை. நீங்கள் அவளுக்கு அனுப்பி வைத்திருந்ததை எடுத்து அவள் லாப்டாப்பில் ஓட்டிப் பார்த்தாள். ஃபைலில் இங்கிலீஷ் வரும்வரை ஒழுங்காகப் போகும். தமிழ் வந்ததும் படுத்துவிடும்.

இரண்டு வாரம் மல்லுக்கட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசையைப் பிய்த்துக்கொண்டே பாதி மலையாளத்தில் சொன்னாள்: "மாமாவுக்கு எங்கயோ தெற்றிப் போச்சுப்பா. இனி இதப் பிடிச்சுத் தொங்கிக் காரியமில்ல. மொத்தமா நானே புதுசா எழுதப் போறேன்."

"அப்போ மாமா பேரு?"

"நான் எழுதினதுக்கு எப்படிப்பா மாமா பேரப் போடறது?"

மச்சான், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உங்களுக்கும் தப்பு வரும் என்று அவள் வாயால் கேட்டேன் அல்லவா? இன்னொரு தோசை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். உங்கள் லாப்டாப் எப்போதோ செத்துப் போயிருந்தது. உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் பலகை ஒன்றை வாங்கி, என் கடை டிவியில் சொருகித்தான் மத்தியானமெல்லாம் எழுதினீர்கள். "மாப்ள, பிள்ளகிட்ட சொல்லிராதியும். கேட்டா சம்பளத்தப் போட்டுப் புதுசு வாங்கிருவா," என்றீர்கள். உங்களால் நான் எத்தனை கிரிக்கெட்டை இழந்தேன். அதே டிவியில் தமிழ் வரிவரியாக, பிழையில்லாமல் வந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். நீங்கள் போன நாள் முதல் அந்தப் பலகை கடையில் கரண்டிப் பெட்டிக்குள் கிடந்தது.

அதில் ஓடியது இதில் ஏன் ஓடவில்லை என்று எனக்குத் தெரியாது. ஓடியது என்று மட்டும் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாலு நாள் சொல்லவில்லை. உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்யாணத்தன்று மூக்குப்பொடி போடுவதை விடுகிறேன் என்று உங்கள் தங்கைக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றிய அழகு உங்களுக்குத் தெரியாதா?

நீங்கள் இல்லாவிட்டால் அந்தப் பேச்செல்லாம் என் பக்கம் வரும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். அந்தக் கணக்கிலும் தோற்றேன். நாலாம் நாள் சாயங்காலம் வந்தவள் யாரிடமும் பேசவில்லை. "சாப்டீங்களாப்பா" கூட இல்லை. உங்கள் ஃபைல்களையெல்லாம் ஒரு மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டதாக அவள் அம்மா வந்து சொன்னாள்.

மறுநாள் காலையில் அவளைக் கடைக்குக் கூட்டிப் போய்ப் பலகையை எடுத்துக் கொடுத்தேன். "மாமா இதுலதான் எழுதினாங்க. இதுல ஓடிச்சு. நான் பாத்தேன்."

டிவியில் சொருகினாள். தமிழ் வந்தது. கவிழ்த்துப் போட்டிருந்த அண்டாமேல் உட்கார்ந்து, "மாமா எழுதினது ஓடுதுப்பா," என்று அழுதாள். எனக்காக இப்படி ஒருநாளும் அழுததில்லை. அழுது முடித்துக் கேட்டாள்.

"அப்பாவுக்கு இது எப்பலேர்ந்து தெரியும்?"

"நீ புதுசா எழுதப் போறேன்னு சொன்ன அன்னைக்கே."

"பின்ன எதுக்கு எங்கிட்ட சொல்லாம மிண்டாம இருந்தீங்க?"

"பொறாம."

"மரிச்ச ஆள்கிட்டயா?"

"இருக்கும்போதே உண்டு. இப்போ கூடிப் போச்சு."

எழுந்து இன்னொரு அண்டாவைக் கவிழ்த்து, "இங்க இரிங்க," என்றாள். முதல்முறையாக எனக்கு விளக்கினாள். எழுத்துக்களை 'சார்' என்ற சின்னப் பாத்திரத்தில் வைத்தீர்களாம். கம்ப்யூட்டருக்கு எழுத்தெல்லாம் எண்தானாம்; அந்த எண்ணில் மைனஸ் உண்டா இல்லையா என்று நீங்கள் சொல்லவில்லை. உங்கள் பலகை இல்லை என்று எடுத்துக்கொண்டது, அவள் லாப்டாப் உண்டு என்று எடுத்துக்கொண்டது. இங்கிலீஷ் எழுத்துக்குச் சின்ன எண்கள்தான், இரண்டிலும் ஒன்றுதான். பழைய தமிழ் எழுத்துக்கோ மேல்பாதி எண்கள். லாப்டாப்பில் அவை மைனஸாகி, எழுத்துப் பட்டியல் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே போய்த் தேடுமாம்.

"அப்போ அது என் கடைச் சுவரத் தாண்டி, பக்கத்து டெய்லர் கடைல போய் அண்டா தேடுது," என்றேன்.

"அதேதான்ப்பா."

சூப்பர் இல்லை. இருந்தாலும் வைத்துக்கொண்டேன்.

மைனஸ் கிடையாது என்பதற்கு 'அன்சைன்ட்' என்று ஒரு சொல் உண்டாம். தேவையான இடத்திலெல்லாம் அதைச் சேர்த்தாள். மறுவாரம் வெளியிட்டாள். மேலே உங்கள் பெயர் மட்டும்தான். "கீழ உங்க பேரும் போடட்டா? நாலு நாள் ஒளிச்சு வச்சவர்னு?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

நேற்று எங்கிருந்தோ ஒருவர் நன்றி எழுதியிருக்கிறார், உங்களுக்கு. கோமதி அதை என்னிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். முகம் அப்படி மின்னியது. எனக்கு வயிறு எரிந்தது.

ஆகவே மச்சான், ஒரு வாக்குத்தான் தர முடியும். உங்கள் எழுத்து இனி எங்காவது சிக்கிக்கொண்டு நின்றால், எனக்குத் தெரிந்ததை அன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுவேன். பொறாமைப்படுவதை நிறுத்துவேன் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வயிறு எரிந்துகொண்டேதான் சொல்லுவேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிய, இன்னும் பொடி போடுகிற
மாப்பிள்ளை