பதிவறை வயரை அறுத்தவன் நானே

அனுப்புநர்:
சாவிக்காரர் என்று இவ்வலுவலகத்தில் அழைக்கப்பட்டவர்,
ஓய்வு பெற்ற அலுவலக உதவியாளர் (முப்பத்தொரு ஆண்டுப் பணி),
அலுவலகத்துக்குப் பின்தெரு, சைக்கிள் கடைக்கு மேல்மாடி.

பெறுநர்:
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம்.

பொருள்: பாதுகாப்பு மென்பொருளால் கணினிகள் படுத்துவிட்ட நாளில் அவற்றை எழுப்பும் வழியைக் கண்டவர் யார் என்பது குறித்தும், வரும் திங்களன்று திறக்கப்படும் கணினி அறைப் பெயர்ப் பலகையைத் திருத்தக் கோரியும்.

பார்வை: அறிவிப்புப் பலகையில் ஒட்டியுள்ள தங்கள் சுற்றறிக்கை. (எண் எனக்குப் படிக்கத் தெரியாது. மஞ்சள் தாள், இரண்டு முத்திரை.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. தபால் நிலையம் எதிர்வரிசைக்கு மாறிய ஆண்டு அது. நம் அலுவலக மாடிப்படியின் மரக் கைப்பிடியை எடுத்துவிட்டு இரும்புக் கைப்பிடி வைத்ததும், ஒரே வாரத்தில் மூன்று ஜோடி இரட்டைப் பிள்ளைகள் பதிவானதும் அதே ஆண்டுதான். வருடத்தின் எண் தங்களுக்கு வேண்டுமென்றால் அந்த இரட்டைப் பிள்ளைகளைப் பதிவேட்டில் தேடினால் கிடைக்கும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அலுவலக வாசலில் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் அம்மா, நான் சொல்லச் சொல்ல இதை அடித்துத் தருகிறார். ஆனால் நடந்தது எதையும் நான் மறந்தவனில்லை என்பதை முதலில் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. அப்போது இவ்வலுவலகத்தில் கணினிகள் பதினெட்டு. காலை எட்டரை மணிக்கு எல்லா அறைகளின் பூட்டையும் திறந்து, பதினெட்டுக் கணினிகளின் பொத்தானையும் அழுத்தி வைப்பது என் வேலை. அதன்பின் பத்து மணிக்கு வந்து, சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, விரலை ஆட்டுவது என் மைத்துனரின் வேலை. என் மனைவியின் தம்பி அவர். அவரை அலுவலகத்தில் பொத்தான் என்று கூப்பிடுவார்கள். நியாயமாகப் பார்த்தால் அந்தப் பட்டப்பெயர் எனக்கு வந்திருக்க வேண்டும். அவரை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். மூன்று பதிவாளர்களின் காலைச் சுற்றி வந்து சேர்த்துவிட்டேன். அவர் பத்தாம் வகுப்பு தேறியவர் என்பதால் பயிற்சிக்கு அனுப்பினார்கள், நாற்காலி கொடுத்தார்கள், தேநீரைத் தட்டு வைத்த கோப்பையில் கொடுத்தார்கள். எனக்குக் கால் ஆடும் ஸ்டூல்.

3. இதைச் சொல்லும்போது தட்டச்சு அம்மா நிறுத்தி, 'மனவருத்தம்னு போட்டுடட்டுமா?' என்று கேட்டார். வேண்டாம், பொறாமை என்றே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். மனுவில் பொய் இருக்கக்கூடாது.

4. மேற்படி ஆண்டில் ஒரு வியாழக்கிழமை காலை வழக்கம்போலப் பொத்தான்களை அழுத்தினேன். கணினிகள் கண் விழித்தன. ஒரு நிமிடத்தில் திரை முழுவதும் நீலமாகி, வெள்ளை எழுத்துக்கள் ஓடி, தானே அணைந்து, தானே எரிந்து, மறுபடியும் நீலமாகின. எட்டிப் பார்த்த அறையிலெல்லாம் இதே கதை. பத்து மணிக்குள் வாசலில் எழுபது பேர் சேர்ந்துவிட்டார்கள். அதில் ஒரு பெண்மணி. அவர் கணவரின் உடல் தெருவில் மருத்துவ ஊர்தியில் இருந்தது. இறப்புச் சான்றிதழ் இருந்தால்தான் மாலை நாலு மணிக்குள் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகும் லாரியில் ஏற்ற விடுவார்கள். கையால் எழுதிக் கொடுக்கக்கூடாது, கணினியில் வரும் எண் இருந்தால்தான் செல்லும் என்று இரண்டு மாதத்துக்கு முன்புதான் உத்தரவு வந்திருந்தது. அந்த அம்மா அழவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாம் சன்னலில் நின்றுகொண்டே இருந்தார். ஊர்தி ஓட்டுநர் அரை மணிக்கு ஒருமுறை ஹாரன் அடித்தார். ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவின் தோள் தூக்கிப்போட்டது.

5. என் மைத்துனர் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அங்கே பழுது பார்க்கும் அம்மாள் ஒருவர் சொன்னதை அவர் சத்தமாகத் திருப்பிச் சொல்ல, நான் பக்கத்தில் நின்று கேட்டேன். வைரஸ் வராமல் காவல் காக்கும் மென்பொருளுக்கு முந்தைய நாள் மாலை புதுப்பிப்பு வந்திருக்கிறது. அதில் ஒரு கோப்பு கோளாறு. காவலுக்கு வைத்த ஆளே வீட்டுக்காரனை உள்ளே விடாமல் அடிக்கிறான், அவ்வளவுதான் விஷயம். கணினி விழிக்கும்போதே மேல்வரிசையில் ஒரு விசையைத் திரும்பத் திரும்பத் தட்டினால் அது அரைத் தூக்கத்தில் திறக்கும். அந்த நேரத்தில் உள்ளே போய் அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடியும் எழுப்ப வேண்டும். என் மைத்துனர் அப்படியே செய்தார். திரை தெளிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரத்தில் திரை மறுபடியும் நீலமானது. மூன்று கணினிகளில் மூன்று முறை இப்படியே. அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அதைப் பார்த்து எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

6. காத்திருந்த முதியவர்களுக்கு பெஞ்சு எடுக்கப் பதிவறைக்குப் போனேன். அங்கே பதினெட்டாவது கணினி நல்லபடியாக எரிந்துகொண்டிருந்தது. திரையில் மலையும் புல்லும் இருந்தன. அதில் வேலை செய்யும் அம்மா மகப்பேறு விடுப்பில் இருந்ததால் யாரும் அதை எட்டிப் பார்க்கவில்லை. அது ஏன் படுக்கவில்லை என்று உலகத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். அந்த வாரம் திங்களன்று, பழைய பதிவேடுகள் அடுக்கிய இரும்பு அலமாரியைத் தனியாக இழுத்தேன். உதவிக்கு ஆள் கூப்பிடாதது என் திமிர். அலமாரியின் கால் வழுக்கி, அந்தக் கணினியைத் தலைமை அலுவலகத்தோடு இணைக்கச் சுவரோரம் போன நீல வயரை இரண்டாக நறுக்கியது. வயரைப் பிடிக்கப்போன என் இடது கட்டைவிரலையும் குறுக்கே கிழித்தது. அறுந்த முனைகளை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். ஏற்கனவே என்மேல் இரண்டு மெமோ இருந்தன. மூன்றாவது வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று அப்போதைய பதிவாளர் எழுத்தில் கொடுத்திருந்தார். ஓய்வு பெற எனக்கு ஏழு மாதம் பாக்கி.

7. வயர் அறுந்த கணினிக்கு அந்தப் புதுப்பிப்பு வந்து சேரவில்லை. அதனால் அதற்கு நோயும் இல்லை. மற்றவற்றில் கோப்பை அழித்தாலும் வயர் வழியே மறுபடியும் அதே கோப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்கு இது புரிந்தது. பயிற்சிக்குப் போனவருக்குப் புரியவில்லை. மைத்துனரைப் படிக்கட்டுத் திருப்பத்துக்கு இழுத்துப்போய், முதலில் வயரைப் பிடுங்கு, அப்புறம் வைத்தியம் பார் என்றேன். 'உங்களுக்கு எப்படி மச்சான் தெரியும்?' என்றார். விரலைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவர் அக்காவின் மேல் சத்தியம் வாங்கினேன்.

8. அவர் போய், 'சார், எனக்கு ஒரு யோசனை' என்றார். அந்த நாலு வார்த்தைக்குத்தான் ஐயா இப்போது பெயர்ப் பலகை. பதினேழு வயர்களையும் பிடுங்கியது நான். ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் தவழ்ந்து பிடுங்கினேன். மேலே நாற்காலியில் உட்கார்ந்து அழித்தது அவர். வயர் இல்லாமல் கணினி போடும் எண்களை, வயரைச் செருகியபின் வரிசையாக ஏற்றிக்கொள்ளலாம் என்று தலைமை அலுவலகமும் ஒப்புக்கொண்டது. மதியம் இரண்டு நாற்பதுக்கு முதல் சான்றிதழ் அச்சாகி வந்தது. அந்தப் பெண்மணி அதை வாங்கி மடிக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, என் மைத்துனரைப் பார்த்துக் கை கூப்பினார். நான் மேசைக்கு அடியில் இருந்தேன். எனக்கு அவர் கால்கள் மட்டும் தெரிந்தன. செருப்பைப் போட மறந்து கையிலேயே எடுத்துக்கொண்டு ஓடினார்.

9. அடுத்த வாரம் வயர்களைச் சரிபார்க்க வந்தவர்கள் அலமாரிக்குப் பின்னால் அறுந்த வயரைக் கண்டுபிடித்தார்கள். யார் செய்தது என்று பதிவாளர் கூடத்தில் நின்று கத்தினார். நான் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டேன். என் மைத்துனர் எழுந்து, 'நான்தான் சார். வயர் இல்லாம ஒரு கணினி தாங்குதான்னு சோதிச்சுப் பார்த்தேன்' என்றார். பதிவாளர் அவரைக் கட்டிக்கொண்டார். அதற்குத்தான் பாராட்டுச் சான்றிதழும் படமும். ஆக என் யோசனையை மட்டுமல்ல, என் குற்றத்தையும் அவரே எடுத்துக்கொண்டார். குற்றம்கூட அவர் கைக்குப் போனால் புத்திசாலித்தனம் ஆகிவிடுகிறது. என் கையில் இருந்திருந்தால் அது மூன்றாவது மெமோ.

10. அவர் செய்ததால் எனக்கு வேலை தப்பியது. அதை மறுக்கவில்லை. மேடையில் சான்றிதழ் வாங்கும்போது அவர் என்னைத்தான் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். இறங்கி வந்து, 'இப்போ சொல்லிடட்டுமா மச்சான்?' என்று காதில் கேட்டார். வாயைத் திறந்தால் உன் அக்கா வீட்டு வாசலை மிதிக்காதே என்றேன். நான் ஓய்வு பெற்ற மறுநாளும் வந்து, இனி உங்களை யார் என்ன செய்ய முடியும், சொல்லிவிடுகிறேன் என்றார். உன் பிச்சை எனக்கு வேண்டாம் என்றேன். என் மனைவி, பத்திரிகையில் வந்த தம்பியின் படத்தை வெட்டிச் சட்டம் போட்டு நாங்கள் சாப்பிடும் இடத்துக்கு நேர் மேலே மாட்டினாள். 'எங்க வீட்டு மூளை' என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினாள். பதினைந்து வருடம் அந்தப் படத்தின் கீழ் உட்கார்ந்து சோறு தின்றேன். சொல்லியிருந்தால் ஒரு நாளாவது என்னை அப்படிப் பார்த்திருப்பாள். வயரை அறுத்து ஒளித்தவன் என்றும் பார்த்திருப்பாளே என்று பயந்து சொல்லவில்லை. அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. கழற்றக் கை வரவில்லை.

11. தாங்கள் கேட்கலாம்: மைத்துனரிடமே போய்க் கேட்டால் ஒரு நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிடுவாரே, மனு எதற்கு என்று. ஆம், சொல்லிவிடுவார். அவர் கொடுத்து நான் வாங்கினேன் என்று ஆகிவிடும். ஆகவேதான் அரசாங்கத்தின் வழியாகக் கேட்கிறேன்.

12. என் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். அந்த ஆண்டின் ஊழியர் வருகைப் பதிவேடு தங்கள் பதிவறையிலேயே இருக்கிறது. வாசலிலிருந்து இடதுபுறம் நாலாவது அலமாரி, கீழ்த்தட்டு, சிவப்பு முதுகு. தினமும் நான் வைத்த இடது கட்டைவிரல் ரேகை அதில் உண்டு. மேற்படி திங்கள் காலை வரை ரேகை முழுசாக இருக்கும். மறுநாளிலிருந்து மூன்று வாரம் வலது விரல்தான். அதன்பின் மறுபடியும் இடது விரல், குறுக்கே ஒரு கோட்டுடன். அந்தக் கோடு இந்த மனுவின் அடியிலும் இருக்கிறது.

ஆகவே, திங்களன்று பலகையைத் திறக்கும் முன் அந்தப் பதிவேட்டை எடுத்துப் பார்க்குமாறும், சாட்சியை விசாரிக்குமாறும், பலகையிலிருந்து மைத்துனர் பெயரை எடுக்காமல் அதற்குக் கீழே இரண்டாவதாக என் பெயரையும் எழுதுமாறும் கேட்டுக்கொள்கிறேன். மேலே எழுத வேண்டும் என்றுதான் வீட்டிலிருந்து நினைத்துக்கொண்டு வந்தேன். சொல்லிக்கொண்டே வந்ததில் கீழே போதும் என்று படுகிறது. வயரை அறுத்ததற்கு இப்போது மெமோ கொடுப்பதானாலும் வாங்கிக்கொள்கிறேன். அதுவும் என் பெயரில் இருக்கட்டும்.

இடம்: அலுவலக வாசல், தட்டச்சுக் கடை
நாள்: பலகை திறப்புக்கு நாலு நாள் முந்தைய வியாழக்கிழமை

இங்ஙனம்,
சாவிக்காரர்
(இடது கட்டைவிரல் ரேகை)

முழுவதும் படித்துக் காட்டப்பட்டது, சரி என்றார். – தட்டச்சு செய்தவர்

இணைப்பு: சாட்சிகள்

அப்போதைய பதிவாளர். காலமாகிவிட்டார், தங்கள் இறப்புப் பதிவேட்டில் உள்ளது.

மூன்றாம் சன்னல் எழுத்தர் அம்மா. நான் வயர் பிடுங்கியபோது மேசைக்கு அடியில் டார்ச் பிடித்தவர். காலமாகிவிட்டார், மேற்படிப் பதிவேடு.

பதிவறைக் கணினியில் வேலை செய்த அம்மா. விடுப்பு முடிந்து வந்து, விரலில் என்ன காயம் என்று கேட்ட ஒரே ஆள். போன மழைக்காலத்தில் காலமானார், மேற்படி.

என் மனைவி. சாட்சி இல்லை, அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் பட்டியலில் இருக்கட்டும். மேற்படி.

உயிரோடு இருக்கும் சாட்சி ஒருவர். அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, பச்சைக் கதவு வீட்டின் கீழ்த்தளம். முழங்கால் மடங்காது, ஆகையால் அவரை வரச் சொல்லாமல் தாங்கள் ஆள் அனுப்ப வேண்டும். இடது காது கேட்காது. வலது பக்கம் உட்கார்ந்து கேட்கவும். மதியம் மூன்றுக்கு முன் போகவும், மூன்று மணிக்கு மாத்திரை போட்டால் தூங்கிவிடுவார். ஐந்து மணிக்கு மேல் வேண்டாம். அந்த நேரத்தில் தினமும் நான் அங்கே இருப்பேன், என் எதிரில் கேட்கக்கூடாது. கேட்டதும், மச்சான் சொல்லச் சொன்னாரா என்றுதான் முதலில் கேட்பார். ஆமாம் என்று சொல்லவும். எனக்குத்தான் அவர்மேல் பொறாமை. அவருக்கு என்மேல் ஒருநாளும் இருந்ததில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் பொய் சொல்லமாட்டார். அவர், பொத்தான்.