ருசி பார்ப்பதும் சாப்பாடுதானாம்

மிதொயோ
நவம்பர் கடைசி, திங்கட்கிழமை

அன்பு மகள் சிஹாருவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே உன் அப்பா சுகம், கடை சுகம், அண்டா சுகமாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. சப்போரோவில் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டதாக டிவியில் காட்டினார்கள், நீ காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். என் சுகத்தைச் சொல்வதற்கு முன்னால் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், அதை நீ வேறு யார் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது. முந்தின வாரம் வியாழக்கிழமை மதியம் கடையை மூடிவிட்டு மறுநாள் உடோன் நூடுல்ஸுக்குக் கோதுமை மாவைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தேன் பார், அந்த மாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வழுக்கி விழுந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். கால் இளகி, கண் இருட்டி, மெதுவாக இறங்கி, தியானத்துக்கு வந்த பிக்கு மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. அப்பா எட்டிப் பார்த்து, "என்ன கிகுயே, மெத்துன்னு இருக்கா, தலகாணி வேணுமா" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் கேலிக்கு நான் பதில் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை, அதில்தான் மனுஷன் பயந்துபோனார். ஓடி வந்து தாங்கிப் பிடித்து வாயில் ஆரஞ்சு ஜூஸை ஊற்றினார், பாதி என் கழுத்து வழியாகப் போனது. கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டேன். மாவைச் சுற்றி பிளாஸ்டிக் விரிப்பு இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் நான் உட்கார்ந்த அச்சு அப்படியே பதிந்திருந்தது. மறுநாள் அதைத்தான் விற்றோம், எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். நீ வாயைத் திறக்காதே.

இதைப் போனில் சொன்னால் நீ பாதியில் அழுதுவிட்டு மீதிக்கு என்னைத் திட்டுவாய், அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் இரண்டையும் நீ தனியாகச் செய்துகொள்ளலாம். நடந்தது என்னவென்றால், சர்க்கரை இருக்கிறது என்று கோடையிலேயே சொல்லி மாத்திரை கொடுத்துவிட்டார்கள் இல்லையா, அதற்கப்புறம் பொதுக் குளியலறையில் ஹத்சுனே அக்கா என் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "சோத்தையும் உடோனையும் அடியோட நிறுத்துடி, எங்க வீட்டுக்காரருக்கு மூணே மாசத்துல எல்லாம் இறங்கிடுச்சு" என்றாள். அவள் வீட்டுக்காரருக்கு இறங்கியது சர்க்கரையா கால்சட்டையா என்று நான் கேட்டேன், தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிவிட்டாள். ஆனாலும் செய்தேன். உடோன் கடைக்காரி உடோனை விட்டேன், சோற்றை விட்டேன், காலையில் இரண்டு முட்டை, மதியம் குழம்புப் பானையில் வேகிற டோஃபுவும் முள்ளங்கியும், ராத்திரி மீனும் கீரையும். இருந்தும் காலையில் பார்த்தால் முந்நூறைத் தொடுகிறது, மதியத்துக்கு மேல் பார்த்தால் அறுபதுக்குக் கீழே கிடக்கிறது. கை நடுங்கும், வேர்க்கும், அப்பா மேல் எரிந்து விழுவேன். அது நடுக்கத்தாலா குணத்தாலா என்று அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். ஹிதாகா டாக்டர் என்று டோக்கியோவிலிருந்து வந்த பையன், முளைப்பதா வேண்டாமா என்று மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை. கையில் நாணயம் மாதிரி ஒன்றை ஒட்டிவிட்டார், சர்க்கரை ரொம்ப இறங்கினால் என் போன் பீப் பீப் என்று கத்தும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். வேறொன்றும் இல்லையா என்றார், இல்லை என்றேன். அப்பாவும் பக்கத்தில் நின்று, "சத்தியமா இல்லைங்க, பறவை மாதிரி கொறிக்கிறா" என்று சாட்சி சொன்னார். வெளியே வந்ததும் வண்டியில் ஏறாமல் நின்றுகொண்டு, "இன்னொரு தடவை நீ விழுந்தே, கடையை மூடிருவேன். வருஷக் கடைசி வியாபாரமா இருந்தாலும் சரி" என்றார். குரலில் கேலியே இல்லை. உனக்குத் தெரியும், அண்டாவில் உடோன் கிடக்கும்போது நிலநடுக்கம் வந்தாலும் நகராத மனுஷன். நீ பிறந்த அன்றைக்குக்கூட அண்டாவில் கிடந்ததை வடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர் மூடுகிறேன் என்றால் மூடிவிடுவார். எனக்கு அன்றைக்கு மீன் கூட இறங்கவில்லை. கடை போனால் நான் எதற்கு? யோஷினோ பெரியம்மாவுக்குச் சர்க்கரையில் இரண்டு கால்விரல் போனது ஞாபகம் இருக்கிறதா, அதையும் நினைத்துக்கொண்டேன். எனக்குக் காலால்தான் பிழைப்பு. தினமும் குளித்துவிட்டு உட்கார்ந்து விரல் விரலாக எண்ணிப் பார்க்கிறேன், பத்தும் இருக்கிறது.

நேற்று முன்தினம் சனிக்கிழமை, கடையில் கூட்டம், பார்த்தால் வரிசையில் தட்டோடு ஹிதாகா டாக்டர் நிற்கிறார். பல்செட்டை உடைத்துக்கொண்டு பத்து நாளாகத் திண்டாடுகிற நம் நிஷிகோரி தாத்தா அவருக்கு முன்னால் நின்றுகொண்டு, "டாக்டரே இங்க சாப்பிட வந்தா நாங்க எங்கப்பா போறது" என்று கேட்டார். டாக்டர் பெரிய கிண்ணம் உடோன், கூடவே இரண்டு சோற்று உருண்டை எடுத்திருந்தார். நான் விடுவேனா, "எனக்குக் கூடாது, உங்களுக்கு ரெட்டையா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அண்டாவிலிருந்து ஒரு உடோன் இழையை எடுத்து உறிஞ்சித் தலையாட்டினேன், அப்பா வடித்தார். அடுத்த ஈடு, மறுபடி ஒன்று. டாக்டர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, ஒண்ணும் சாப்பிடறதில்லைன்னு சொன்னீங்களே" என்றார். நான், ஆமாம், எங்கே சாப்பிடுகிறேன் என்றேன். "இப்ப என்ன பண்ணினீங்க?" ருசி பார்த்தேன் என்றேன். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது, "அது சாப்பாடு இல்லைங்க, வேலை" என்றார். கடை முழுக்க ஆமாம் ஆமாம் என்றது, நம் ஊரில் அதைச் சாப்பாடு என்று எவன் சொல்வான்? டாக்டர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார். விடிகாலையிலிருந்து கடை மூடும் வரை ஈட்டுக்கு ஈடு மெல்லாமல் விழுங்கியதை எல்லாம் சேர்த்தால் இரண்டு கிண்ணத்துக்குக் குறையாதாம். மத்தியானத்துக்கு மேல் அதுவும் நின்றுபோகிறது, வயிற்றில் வெறும் டோஃபு, மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே. "நீங்களா சோத்தை நிறுத்திட்டு மாத்திரையை அப்படியே போட்டா அது எதைப் பிடிச்சு இறக்கும்? உங்களைத்தான் இறக்கும்" என்றார். அதோடு மாவு வேறு மிதிக்கிறேனா, கேட்கவே வேண்டாம். இவ்வளவும் சொல்லிவிட்டு உடோனை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார், இரண்டாவது உருண்டையை மட்டும் எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கப் பார்த்தார், நான் விடவில்லை.

இன்றைக்குக் கடை விடுமுறை, கிளினிக்குக்குப் போய் வந்தோம். மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். சோற்றை அடியோடு விட வேண்டாமாம், வேளைக்குச் சின்னத் தேநீர்க் கோப்பை அளவு, அதுவும் கீரையும் டோஃபுவும் மீனும் முதலில் உள்ளே போன பிறகு. மாவு மிதிக்கப் போகும் முன்னால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். சர்க்கரை இறங்கினால் வாயில் போட ஏப்ரன் பையில் எப்போதும் இனிப்பு மாத்திரை. ருசி பார்ப்பதை அப்பாவிடம் விடச் சொன்னார். அப்பா நாக்கு சிகரெட்டில் செத்து எத்தனை வருஷம், அவர் பார்த்தால் ஊறவைத்த கயிறும் உடோனும் ஒன்று. கடைசியில் முன்பல்லால் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்புவது என்று பேசி முடித்தோம். உடோனைத் துப்புவது. எங்கள் அம்மா பார்த்திருந்தால் என்னைப் படியேற்றியிருக்க மாட்டாள். அண்டாவுக்குப் பின்னால் ஒரு டப்பா வைத்திருக்கிறேன், வாடிக்கைக்காரர் கண்ணில் பட்டால் ஊர் நம்மை விலக்கி வைத்துவிடும். இதெல்லாம் சரியாக வருமா என்று காலண்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வருஷக் கடைசி நாள் கூட்டத்தைத் தாக்குப்பிடித்து நின்றுவிட்டேன் என்றால் அப்பா மூட மாட்டார், அதற்குள் ஒரு தடவை விழுந்தேன் என்றால் மூடிவிடுவார். போன் கத்தாத நேரமும் கத்துகிற மாதிரியே இருக்கிறது.

நீ வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று ஆரம்பிக்காதே. வந்தால் உன்னைத்தான் மாவு மிதிக்க வைப்பேன், உன் கால் அதற்கு ஆகாது, கொக்குக் கால். புத்தாண்டுக்கு மட்டும் வா. வெள்ளை மிசோ சூப்பில் பயறு இனிப்பு அடைத்த அரிசி உருண்டை எனக்குப் பாதிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார், மீதிப் பாதியை நீதான் சாப்பிட வேண்டும், அப்பாவிடம் கொடுத்தால் அடுத்தது அவர் கையில் நாணயம் ஒட்டுவார்கள். வரும்போது வழக்கமாகக் கொண்டுவருகிற அந்த வெண்ணெய் பிஸ்கட் டப்பா வேண்டாம். நீயும் உன் சர்க்கரையைப் பார்த்துக்கொள், நம் வீட்டு ரத்தம். ராத்திரி பசிக்கிறது என்று கப் நூடுல்ஸ் குடிக்கிறாய் என்பது எனக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்காதே. நீ நோயில்லாமல், வழுக்காமல், நல்ல மனுஷர்கள் நடுவில் நூறு வருஷம் இருக்க வேண்டும். பத்து விரலோடு.

மறக்காமல் காதை மூடு.

உன் அம்மா
கிகுயே

பின்குறிப்பு: இதை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இன்று செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கூட்டமான நேரத்தில், பீப் பீப் என்று சத்தம் வந்தது. நான் பின்னால் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தேன். உன் அப்பா அண்டாவில் உடோனைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்து, என்னைத் தரையில் உட்கார வைத்து, நான் வாயைத் திறந்தபோதெல்லாம் ஒவ்வொன்றாக நான்கு இனிப்பு மாத்திரையைப் போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கத்தியது அண்டாவுக்கு மேல் தொங்குகிற கடிகாரம், உடோன் வெந்துவிட்டது என்று. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் சர்க்கரை இருநூற்று முப்பதுக்குப் போனது. உடோன் கூழாகிவிட்டது. பல்செட் இல்லாத நிஷிகோரி தாத்தா மட்டும் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.